ஓசூர் ரோஜாவும் முனிராஜின் கண்ணும்

மதுரைக்காரியை ஜனவரி மாதத்தில் ஓசூருக்கு அனுப்புவது ஒரு வகைத் தண்டனை. விடிந்தும் விடியாத நேரத்தில் இறங்கினேன். தெருவில் நடமாடிய அத்தனை பேரும் ஸ்வெட்டரும் குரங்குக் குல்லாவுமாக இருந்தார்கள். என்னிடம் இருந்தது ஒரு பருத்திச் சால்வை. எங்கள் ஊரில் அதையே யாராவது போர்த்தினால் காய்ச்சலா என்று விசாரிப்பார்கள்.

டீக்கடையில் கேட்டேன், பாகலூர் ரோட்டுக்கு எங்கே நின்றால் பஸ் வரும் என்று. கடைக்காரர் கன்னடத்தில் யாருடனோ சண்டை போட்டுக்கொண்டே தமிழில் எனக்கு வழி சொல்லி, தெலுங்கில் உள்ளே இருந்த மனைவியிடம் பால் கேட்டார். மூன்றும் ஒரே மூச்சில். சொன்ன முனையில் போய் நின்றேன். அங்கே நிறையப் பேர் நின்றார்கள். ஒரு பஸ் வந்தது, எல்லாரும் ஏறினார்கள், நானும் ஏறினேன். ஜன்னல் சீட்டுகூடக் கிடைத்தது. இந்த ஊர் ஜனங்கள் எவ்வளவு ஒழுங்காகச் சட்டை போட்டிருக்கிறார்கள், எல்லாரும் ஒரே நிறத்தில், என்று வியந்துகொண்டிருந்தபோதுதான் பக்கத்தில் இருந்தவர் கேட்டார்.

“மேடம், எந்த டிபார்ட்மென்ட்டுங்க?”

வண்டி ஒரு தொழிற்சாலையின் ஷிப்ட் பஸ். கண்டக்டர் கிடையாது, டிக்கெட் கிடையாது. கழுத்தில் அட்டை தொங்காத ஒரே ஆள் நான்தான். டிரைவர் கண்ணாடியில் என்னைப் பார்த்துவிட்டுச் சிரித்தார். “உக்காருங்க மேடம், போற வழியில எறக்கி விடறேன். வாரத்துக்கு ஒருத்தராச்சும் இப்பிடி ஏறிக்கினுதான் இருக்காங்க” என்றார். முன்கண்ணாடியின் மூலையில் சின்னதாக ஒரு போர்டு இருக்குமாம். அதைப் பார்த்துத்தான் ஏற வேண்டுமாம். நல்லது.

நான் நோய்க்கிருமிகளைப் படிக்கிறவள். மதுரையில் ஓர் ஆய்வுக்கூடத்தில், நோயாளிகளின் உடம்பிலிருந்து வரும் துணுக்குகளை வளர்த்து, எது என்ன கிருமி, எந்த மருந்துக்குச் சாகும் என்று பார்ப்பது வேலை. சில வருடங்களாக என் கவனமெல்லாம் பூஞ்சைகள் மேல்தான், அதிலும் மருந்துக்கு மசியாத பூஞ்சைகள் மேல். இதைப் பக்கத்து சீட்டுக்காரரிடம் சொன்னது தப்பாகப் போயிற்று. அவர் உடனே பையிலிருந்து ஒரு ட்யூபை எடுத்து நீட்டினார். தொடை இடுக்கில் படர்தாமரையாம், வருஷக்கணக்காகப் போகவில்லையாம்.

வாங்கிப் படித்தேன். அரிப்பை உடனே அமுக்கும் ஸ்டீராய்டும் கலந்த களிம்பு. அரிப்பு அடங்கும், ஆனால் அடியில் பூஞ்சை கொழுக்கும். “இதை யார் கொடுத்தா?” என்றேன்.

“மெடிக்கல்லதாங்க. எங்க ரூம்ல எல்லாத்துக்கும் இருக்குது. ஒருத்தன் வாங்கினா போதும், அப்பிடியே சுத்தி வந்துரும்.”

ட்யூபா, படர்தாமரையா என்று நான் கேட்கவில்லை. தோல் மருத்துவரைப் பாருங்கள், துண்டையும் ட்யூபையும் பகிர்ந்துகொள்ளாதீர்கள் என்று சொல்லிவிட்டு இறங்கினேன். பஸ் முழுக்க எனக்குக் கையசைத்தது.

நான் வந்தது கல்பனாவைப் பார்க்க. கல்லூரித் தோழி, கண் மருத்துவர். பாகலூர் சாலையில் சின்னதாக ஒரு கண் ஆஸ்பத்திரி வைத்திருக்கிறாள். போன வாரம் போன் செய்திருந்தாள். “சாந்தி, ஒரு பேஷன்ட். ரோஜாத் தோட்டத்துல வேலை. குச்சி கண்ணுல அடிச்சு, கருவிழியில பூஞ்சை. எந்த மருந்துக்கும் அசைய மாட்டேங்குது. உனக்குன்னே வந்த மாதிரி இருக்கு.”

உண்மையில் எனக்கென்றே வந்த மாதிரிதான். ஓசூரைச் சுற்றி எங்கு பார்த்தாலும் பிளாஸ்டிக் கூரை போட்ட ரோஜாக் குடில்கள். பூஞ்சை வராமல் இருக்க ரோஜாவுக்குத் தெளிக்கும் மருந்துகள் சிலவும், மனிதர்களுக்கு நாங்கள் தரும் மருந்துகள் சிலவும் ஒரே குடும்பம், பங்காளிகள். குடிலில் அந்த மருந்தோடு பழகிவிட்ட பூஞ்சை நாளைக்கு ஒரு மனிதனின் கண்ணுக்குள் போனால் நம் மருந்தைப் பார்த்துப் பயப்படுமா? இதுதான் என் கேள்வி. கண்ணிலிருந்து சுரண்டிய துணுக்கை மதுரைக்கு அனுப்பச் சொன்னேன். அது அங்கே வளர்ந்து பதில் சொல்வதற்குள் குடிலின் மண்ணையும் காற்றையும் பிடித்து வரலாம் என்று நானே கிளம்பினேன்.

முனிராஜ் வெளியே பெஞ்சில் உட்கார்ந்திருந்தார். நாற்பது வயதிருக்கும். அஞ்செட்டி பக்கம் நாட்றாம்பாளையத்து ஆள். வலது கண் சிவந்து, கருவிழியில் ஓரமாக வெள்ளையாக ஒரு பொட்டு. இடது கண்ணைக் கல்பனா எனக்குக் காட்டவே இல்லை, பார்த்தாலே தெரிந்தது. சின்ன வயதில் அம்மை வந்து போனபோது அதுவும் கூடவே போய்விட்டது. வெளிச்சம் தெரியும், அவ்வளவுதான். ஆக, இவருக்கு இருப்பதே இந்த ஒரு கண்.

“திங்கக்கிழமை பார்ப்பேன். குறையலைன்னா பெங்களூருக்கு அனுப்பி கருவிழியை மாத்தணும். சீழ் இருக்கிற கண்ணுல மாத்துறது எப்படின்னு உனக்கே தெரியும்” என்றாள் கல்பனா, என்னைத் தனியாக அழைத்து. எனக்குத் தெரியும். ஒட்டலாம், ஒட்டாமலும் போகலாம்.

இன்னொரு விஷயமும் சொன்னாள். முதலில் அவரை ஆஸ்பத்திரியிலேயே படுக்க வைத்து மணிக்கு ஒரு தரம் சொட்டு மருந்து போட்டபோது பொட்டு சுருங்கியிருக்கிறது. வீட்டுக்குப் போனதும் மறுபடி ஏற ஆரம்பித்துவிட்டது. இன்னொரு மருந்தைச் சேர்த்துக் கொடுத்தும் பயனில்லை. அட்மிஷன் என்றால் அவர் கையெடுத்துக் கும்பிடுகிறார். காதலர் தினத்துக்குப் பூ அனுப்பும் சீசன். இப்போது படுத்தால் வேறு ஆளைப் போட்டுவிடுவார்கள். வேலை போனால் குடியிருக்கும் குவார்ட்டர்ஸும் போய்விடும்.

எனக்கு உள்ளுக்குள் ஒரு மணி அடித்தது. வீடு குடிலை ஒட்டியே இருக்கிறது. வீட்டுக்குப் போனதும் ஏறுகிறது. அப்படியானால் காற்றுதான். குடிலின் காற்றிலிருந்து மருந்துக்கு மசியாத பூஞ்சை திரும்பத் திரும்பக் கண்ணுக்குள் போகிறது. கட்டுரைக்குத் தலைப்புகூட மனதில் ஓடியது, அதை மறைப்பானேன்.

மதியம் கல்பனா ஒரு மெஸ்ஸுக்கு அழைத்துப் போனாள். ராகிக் களியும் பிதுக்குப் பருப்புக் குழம்பும். அவரைக்கொட்டையை ஊறவைத்து ஒவ்வொன்றாகத் தோலைப் பிதுக்கி எடுத்துச் செய்வது, இந்தக் குளிர்காலத்தில்தான் கிடைக்குமாம். எங்கள் பக்கத்துக் கேப்பைக் களியை நான் கடித்துத் தின்று பழகியவள். இங்கே மென்றால் கேலி செய்கிறார்கள். குழம்பில் புரட்டி அப்படியே விழுங்க வேண்டும். முதல் உருண்டை தொண்டையில் நின்று யோசித்தது. அடுத்தது வழி கண்டுபிடித்துவிட்டது. குழம்பு மட்டும் மூன்று தரம் வாங்கினேன். பக்கத்து மேசையில் இருவர் தெலுங்கில் பேசிச் சிரித்தார்கள். கல்பனா மொழிபெயர்த்தாள்: “காதலிக்கிறவன் பிப்ரவரியில காதலிக்கிறான், நாம ஜனவரியிலேயே சாகிறோம்.” பூ ஏற்றும் வேன் டிரைவர்களாம்.

மறுநாள் குடிலுக்குப் போனேன். இந்தத் தடவை ஷேர் ஆட்டோ. அது பாதி வழியில் பஞ்சர். நானும் இரண்டு பெண்களும் ஒரு மூட்டை முட்டைக்கோஸும் சாலையோரம் நின்றோம். கடைசியில் ஒரு பால் வண்டி எங்களை ஏற்றிக்கொண்டது. முட்டைக்கோஸுக்குத்தான் முதல் இடம்.

குடிலுக்குள் நுழைந்ததும் குளிர் போய்விட்டது. கதகதவென்று ஈரம், வரிசை வரிசையாக ரோஜா, ஒவ்வொரு மொட்டுக்கும் ஒரு வலைக் குல்லா. மதுரையில் மல்லிகையைக் கூடையில் அள்ளிக் கொட்டுவதைப் பார்த்து வளர்ந்தவளுக்கு, ஒரு பூவுக்கு ஒரு தொப்பி என்பது கொஞ்சம் அதிகமாகத்தான் பட்டது. வாசனையும் இல்லை. குனிந்து மோந்து பார்த்தேன், தண்ணீரில் நனைந்த காகிதம் மாதிரி இருந்தது.

காற்றில் இருக்கும் பூஞ்சை விழட்டும் என்று, கிருமி வளர்க்கும் தட்டுகளைத் திறந்து வைத்துவிட்டுக் காத்திருந்தேன். அப்போதுதான் முனிராஜின் வேலையைப் பார்த்தேன். அவர் உரம் கரைக்கிறவர். ரோஜாச் செடிக்கு உரத்தைத் தண்ணீரில் கரைத்து, மெல்லிய சொட்டுக் குழாய்களில் அனுப்புகிறார்கள். கண் இப்படி ஆனதால் அவர் தொட்டிக்குப் பக்கத்தில் ஒரு வாளியைக் கவிழ்த்து உட்கார்ந்து சொல்லச் சொல்ல, அவர் மனைவி ரத்னம்மா செய்தாள். கரைத்த டிரம்மை யாரும் அசைக்கக் கூடாது. கசடு அடியில் படியும்வரை காத்திருந்து, மேலே தெளிந்த தண்ணீரை மட்டும் குழாய் வைத்து மெதுவாக இறக்கினாள். பக்கத்தில் நடந்த ஒருத்தியின் கால் டிரம்மில் இடிக்கப் பார்த்தது.

“பாத்தும்மா, கலங்கிரப் போவுது” என்றார் முனிராஜ். கண்ணை மூடிக்கொண்டுதான் உட்கார்ந்திருந்தார், சத்தத்தை வைத்தே கண்டுபிடித்துவிட்டார். சுத்தமான வேலை என்று நினைத்துக்கொண்டு என் தட்டுகளை மூடினேன்.

ஞாயிற்றுக்கிழமை கெலவரப்பள்ளி அணைக்குப் போய் மீன் சாப்பிடலாம் என்று கல்பனா ஏற்பாடு செய்திருந்தாள். கிளம்பும் நேரத்தில் மதுரையிலிருந்து முத்துலட்சுமி கூப்பிட்டாள். என் ஆய்வுக்கூடத்தில் வேலை செய்கிறவள், ஞாயிறும் வந்து தட்டுகளைப் பார்க்கும் பிள்ளை.

“மேடம், ஓசூர் சாம்பிள் ரிசல்ட் வந்துருச்சு. ரெண்டாவதா குடுத்த மருந்துக்கு அசையவே இல்ல. ஆனா முதல்ல குடுத்தாங்கள்ல, அந்த வெள்ளை மருந்து, அதுல சுத்தமா செத்துப் போச்சு.”

“நல்லாப் பாத்தியா?”

“திரும்பவும் போட்டுப் பாத்துட்டேன் மேடம். அதே பதில்தான்.”

இரண்டாவது மருந்து இந்த வகைப் பூஞ்சையிடம் தடுமாறுவது வழக்கம்தான், அதில் புதுமை ஒன்றும் இல்லை. ஆனால் முதல் மருந்துக்கு அடங்குகிறது! ஒரு நொடி எனக்கு ஏமாற்றமாக இருந்தது, கட்டுரை போச்சே என்று. அடுத்த நொடி வெட்கமாக இருந்தது. அதற்கும் அடுத்த நொடிதான் உறைத்தது. தட்டில் சாகிற பூஞ்சை கண்ணில் ஏன் சாகவில்லை? காற்றில் இருந்து புதிதாக வந்தாலும் அதே மருந்து கொல்ல வேண்டுமே.

“மீன் அப்புறம். அவர் வீட்டுக்குப் போவோம்” என்றேன். கல்பனாவுக்கு அதற்குள் ஓர் அவசர கேஸ் வந்துவிட்டது. நான் மட்டும் போனேன்.

தகரக் கூரை போட்ட ஒற்றை அறை, வாசலில் கழுவிக் கவிழ்த்த பாத்திரங்கள். ரத்னம்மா டீ போட்டாள். சொட்டு மருந்தை ஒழுங்காகப் போடுகிறீர்களா என்று கேட்டேன்.

“ஒரு வேளைகூட விட்டதில்லீங்க மேடம். போன்ல அலாரம் வெச்சிருக்கறேன். கையக் கழுவிட்டுத்தாங்க தொடறேன்” என்றாள். சரிதான். கை கழுவுவதை எனக்குச் செய்தும் காட்டினாள், எங்கள் மாணவர்களே அவ்வளவு நன்றாகக் கழுவ மாட்டார்கள். குறை சொல்ல ஒன்றும் இல்லை. டீயைக் குடித்துவிட்டுக் குழம்பிப்போய் உட்கார்ந்திருந்தேன்.

அலாரம் அடித்தது. ரத்னம்மா எழுந்து சாமி படத்துக்குப் பக்கத்து அலமாரியைத் திறந்தாள். உள்ளே ஒரு டம்ளரில் மணல் நிரப்பி, அதில் அந்த முதல் மருந்தின் புட்டியை நட்டு வைத்திருந்தாள், ஆடாமல் அசையாமல். அதை இரண்டு விரலால் தூக்கி, நிறைகுடம் கொண்டு வருவதுபோல அடிமேல் அடி வைத்து வந்தாள். முனிராஜ் தலையைச் சாய்த்தார். அவள் புட்டியை மெல்ல, மிக மெல்லச் சாய்த்தாள்.

விழுந்த சொட்டு கண்ணாடி மாதிரி தெளிவாக இருந்தது.

“நில்லு” என்று கத்திவிட்டேன் போலிருக்கிறது. அவள் பயந்துபோய் நின்றாள். புட்டியை வாங்கி வெளிச்சத்தில் பிடித்தேன். அடியில் சுண்ணாம்பு மாதிரி இறுகிய வெள்ளைக் கசடு. மேலே வெறும் தண்ணீர். அந்த மருந்து தண்ணீரில் கரையாதது. பொடியாக மிதந்துகொண்டிருப்பது, நிறுத்தி வைத்தால் படிந்துவிடும். அந்தக் கசடுதான் மருந்தே.

“ஏம்மா, இதைக் குலுக்கிப் போடலையா?”

அவள் கணவனைப் பார்த்தாள். முனிராஜ்தான் பதில் சொன்னார், ஒரு வேலையைப் பழுதில்லாமல் செய்தவரின் நிம்மதியோடு.

“நாந்தாங்க மேடம் சொன்னேன். மொத நாளு பாத்தேன், பொடி கெடந்துச்சு. சொட்டுக் கொழாய்க்கே கசடு போனா அடச்சுக்குது. கண்ணு அதவிடச் சின்னதாச்சுங்களே. அதான் படிய வெச்சு, தெளிஞ்ச தண்ணியா போடச் சொன்னேன். அதுலயும் பாருங்க, போட்டா உறுத்தவே மாட்டேங்குது.”

எனக்குச் சிரிப்பதா அழுவதா என்று தெரியவில்லை. அந்த மண்தரையிலேயே உட்கார்ந்துவிட்டேன். ஆஸ்பத்திரியில் நர்ஸ் குலுக்கிப் போட்டாள், குறைந்தது. வீட்டில் இவர்கள் அவ்வளவு அக்கறையாக, மணல் டம்ளரில் நட்டுவைத்து, வெறும் தண்ணீரைப் போட்டிருக்கிறார்கள். நானோ குடிலின் காற்றைப் பெட்டியில் பிடித்துக்கொண்டு திரிந்திருக்கிறேன். தொட்டி வேலையை நேரிலேயே பார்த்தும் எனக்குத் தோன்றவில்லை.

“முனிராஜ், இதுல கசடுதான் மருந்து. நீங்க மருந்தை எல்லாம் அடியிலேயே விட்டுட்டீங்க.”

அவர் முகம் வெளுத்தது. “அப்ப நானே எங் கண்ணக் கெடுத்துக்கினனாங்க?”

“கெடுக்கலை. பூஞ்சை மருந்துக்குச் சாகுதுன்னு இன்னைக்குக் காலையிலதான் தெரிஞ்சுது. இத்தனை நாள் அதுக்கு மருந்தே போகலை, அவ்வளவுதான். இனிமே போகும்.”

ரத்னம்மா முந்தானையால் வாயைப் பொத்திக்கொண்டு அழுதாள். அவள் அழுது முடிக்கும்வரை புட்டியைக் குலுக்கிக்கொண்டிருந்தேன், தட்டித் தட்டி, கசடு முழுக்க எழுந்து மோர்போல வெளுக்கும்வரை. முதல் சொட்டை நானே போட்டேன்.

“உறுத்துதுங்க மேடம்.”

“நல்லா உறுத்தட்டும்” என்றேன்.

போனில் கல்பனாவிடம் எல்லாவற்றையும் சொன்னேன். அவள் மெதுவாகச் சொன்னாள், “பாட்டில்ல எழுதியிருக்கு சாந்தி, பொடி எழுத்துல, இங்கிலீஷ்ல. நான் வாயால சொன்னேனா இல்லையான்னு இப்ப எனக்கே ஞாபகம் வரலை.” அன்றைக்கே அவள் செய்த வேலை, ஆஸ்பத்திரியில் அந்த மருந்து வாங்கும் எல்லாரையும் நர்ஸின் முன்னால் ஒரு தரம் குலுக்கிப் போட்டுக் காட்டச் சொன்னது.

திங்கட்கிழமை பெங்களூருக்கு அனுப்பவில்லை, இன்னும் சில நாள் பார்க்கலாம் என்றாள். நானும் ஊருக்குத் திரும்புவதைத் தள்ளிப்போட்டேன். எதற்கு என்று கேட்ட கணவரிடம் மண் மாதிரிகள் இன்னும் எடுக்க வேண்டும் என்று சொன்னேன். உண்மையில் எடுக்க ஒன்றும் பாக்கி இல்லை. பகலில் குளிரில் நடந்தேன், போண்டா தின்றேன், ஒரு ஸ்வெட்டர் வாங்கினேன். வாரக் கடைசியில் கல்பனா கருவியின் வழியே அவர் கண்ணைப் பார்த்தாள், ரொம்ப நேரம். பிறகு எழுந்து எனக்கு இடம் விட்டாள். வெள்ளைப் பொட்டின் ஓரங்கள் சுருங்கி உள்ளே இழுத்திருந்தன. நான் கண் நிபுணர் இல்லை, ஆனால் பின்வாங்கும் பூஞ்சை எப்படி இருக்கும் என்று எனக்குத் தெரியும். அன்று அணைக்குப் போய் மீன் சாப்பிட்டோம். காரம் எங்கள் ஊர் அளவுக்கு இல்லை. அதைப் பற்றிப் புகார் சொல்லக்கூட மனம் வரவில்லை.

காதலர் தினம் முடிந்து, சீசன் ஓய்ந்த பிறகு குடிலில் மறுபடி மாதிரி எடுக்கப் போனேன். குடிலின் பூஞ்சைகளைப் பற்றிய என் கேள்வி இன்னும் அப்படியேதான் இருக்கிறது, அதற்கு வேறு கண்கள் பலியாவதற்குள் பதில் தேட வேண்டும். இந்தத் தடவை ஓசூரில் குளிர் இல்லை. ஸ்வெட்டரைச் சுமந்து வந்ததற்கு என்னையே திட்டிக்கொண்டு அதே முனையில் நின்றேன். முனிராஜ் வந்து அழைத்துப் போவதாகச் சொல்லியிருந்தார், காணோம். பஸ் வந்தது. எல்லாரும் ஏறினார்கள். சரி, நாமே போய்விடலாம் என்று பெட்டியைத் தூக்கிக்கொண்டு படியில் கால் வைத்தேன்.

சாலைக்கு அந்தப் பக்கம், லாரிகளுக்கும் பைக்குகளுக்கும் அப்பாலிருந்து முனிராஜின் குரல் வந்தது.

“மேடம், அது கம்பெனி வண்டிங்க, ஏறாதீங்க. போர்டப் பாருங்க.”

காலை எடுத்துவிட்டுத் தேடினேன். முன்கண்ணாடியின் மூலையில், உள்ளங்கை அளவுக்கு, போர்டு இருந்தது. நான் பக்கத்தில் நின்றும் மூக்குக் கண்ணாடியைத் துடைத்துப் போட்டுத்தான் அதைப் படிக்க வேண்டியிருந்தது.